முதல் விரலுக்கு எரியாத விளக்கு

தூங்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தூங்கிப்போகிற கருவிகளை எழுப்பிவிடுவது அந்தச் சம்பளத்தில் சேராத வேலை.

என்ன வேலை என்று யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற சாலையில் ஒரு வாழைப்பழ பேக்கிங் ஷெட். பின்னால் நான்கு குளிர் அறைகள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் காலை ஏழு மணிக்குப் போவேன். அறைக்குள் வெப்பம் பதின்மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கினால் காயின் தோல் கறுத்துவிடும். ரொம்ப ஏறினால் லாரியில் ஏற்றுவதற்குள் பழுத்துவிடும். அந்த எண்களைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். பகலில் வீட்டு ஜன்னலை வாழைக்காய்ப் பெட்டி அட்டையால் அடைத்துவிட்டுப் படுப்பேன். அட்டை ஒழுங்காக வேலை செய்கிறது. நான்தான் தூங்குவதில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் வேலையே இல்லை. ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். அதை மேலாளர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியவர், ஓய்வு பெறும்வரை பிரிண்டர்காரர்தான். படிப்பு பத்தாவது. கம்பத்தில் ஜீப் ஓட்டினேன், எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்தேன், குமுளியில் ஒரு லாட்ஜில் ராத்திரி சாவி கொடுத்தேன். குமுளியில் இருந்த காலத்தில் என் செல்போன் என்னை மலையாளி என்றே முடிவுகட்டிவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் பற்றி எதைத் தேடினாலும் மலையாளத்தில்தான் யாராவது வீடியோவில் வந்து விளக்குவார்கள். நான் கற்றதெல்லாம் அப்படிக் கற்றதுதான்.

தராசின் டீ நேரம்

எங்கள் மேலாளர் சவரிமுத்து சார், கம்ப்யூட்டரை இயக்குவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்கிறவர். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, சித்தப்பா எல்லாம் வாத்தியார்கள். அவரே எழுதி, அவரே கூட்டி, அவரே திட்டுகிற நிர்வாகம். பெட்டிகளை எடைபோடும் தராசு ஒரு யூ.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும். எடை தானாகத் திரையில் வந்து விழும். திடீரென்று ஒரு வாரமாக அது வந்து விழவில்லை. சார் வயரை உருவிச் செருகுவார், வரும். மறுபடி போகும். வயர் ஆடுகிறது என்று ரப்பர் பேண்டு போட்டார். அப்புறம் அட்டையை மடித்து ஆப்பு வைத்தார். தராசு அசையவில்லை.

எனக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் தூக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். எப்போதெல்லாம் போகிறது என்று ஒரு பழைய டைரியில் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். பத்தே முக்கால், நாலேகால், பத்தே முக்கால், நாலேகால். ஆட்கள் டீ குடித்துவிட்டு வருகிற நேரம். அதாவது தராசை யாரும் பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் போதும்; கம்ப்யூட்டர் அந்தத் துளைக்குப் போகிற மின்சாரத்தைச் சிக்கனம் என்று நிறுத்திவிடுகிறது. டிவைஸ் மேனேஜர் என்ற இடத்துக்குள் போனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது: மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைத்துவிடலாமா என்று. நாம் கேட்காமலே அதில் சரிக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். குறியை எடுத்துவிட்டேன். தராசு அதற்குப் பிறகு கண் மூடவில்லை. விளக்கத்தைக் கடைசிவரை கேட்ட சவரிமுத்து சார், அட்டை ஆப்பை எடுக்காமலே சொன்னார்:

"முருகேசா, டீக்குப் போனா தூங்குறது நம்ம லோடுமேனுக மட்டும்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

யாரையும் விடாதே

அடுத்தது பென் டிரைவ். யாரோ பாட்டுக் கேட்பதற்காகச் செருகிய பென் டிரைவிலிருந்து ஒரு வைரஸ் இறங்கி, பில்களையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டது. ஃபோல்டரைத் திறந்தால் ஃபோல்டருக்குள்ளேயே ஃபோல்டர். இரண்டு நாள் மல்லுக்கட்டி மீட்டேன். சார் கொதித்துப்போய், "இனிமே எவன் எதைச் சொருகினாலும் அது எடுக்கக் கூடாதுய்யா" என்றார். மலையாள ஆசான் ஒருவர் அதற்கும் வழி வைத்திருந்தார். பென் டிரைவுக்கு மட்டும் தடை போட்டால் போதும் என்றுதான் அவர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. இன்னும் கீழே போய், ஏற்கெனவே தெரிந்த கருவிகளைத் தவிர வேறு எதையும் சேர்க்காதே என்று ஒரு கட்டளையையும் போட்டுவைத்தேன். பெருமையாக இருந்தது. கோட்டை கட்டிய மாதிரி.

மூன்றாம் நாள் எலி வந்து மவுஸின் வயரைக் கடித்துவிட்டது. சார் சின்னமனூரில் புது மவுஸ் வாங்கிவந்தார். கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மவுஸ்தானே என்று நாம் நினைக்கிறோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் பட்டியலில் இல்லாத ஓர் அந்நியன். தடையை எடுக்க வேண்டுமானால் அம்புக்குறியை நகர்த்த வேண்டும். அம்புக்குறியை நகர்த்த மவுஸ் வேண்டும். கீபோர்டிலேயே ஒவ்வொரு கட்டமாகத் தாவித்தாவி ஒரு மணி நேரம் தவழ்ந்துபோய்த் தடையை எடுத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சார் சொன்னது:

"வெளியாளை விடாதேன்னு சொன்னா, மாப்பிள்ளையவே வாசல்ல நிப்பாட்டிட்டியேய்யா!"

சார்ஜ் மட்டும் ஏறும்

அளவாகத் தடை போடக் கற்றுக்கொண்ட பிறகு செல்போன்களின் முறை வந்தது. ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் வந்ததும் போனை வாசலறைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகிவிட்டுப் போவார்கள். அறையில் வேறு பிளக் பாயிண்ட் கிடையாது. சார்ஜ் ஏறட்டும், ஆனால் படமோ பாட்டோ போகவும் கூடாது வரவும் கூடாது என்று அமைத்தேன். அந்தத் துளைக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, பேச்சுக்கு இரண்டு கம்பி. பேச்சை நிறுத்தினாலும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று, வெகு நேரம் அந்த நான்கு கம்பிகளையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். இரவு ஆளுக்கு யோசிக்க நிறைய நேரம்.

மறுநாள் முதலில் வந்து போனைச் செருகியவர் பஞ்சவர்ணம். மார்க்கையன்கோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். எப்போதும் அவர்தான் முதல் ஆள். நாற்பது வயதிருக்கும். தாரிலிருந்து சீப்பைப் பிரித்தெடுக்கும் வேலையில் அவருக்கு மிஞ்சின கை எங்கள் ஷெட்டில் இல்லை. திரையில் வந்த எச்சரிக்கையைப் பார்த்து என்னவென்று கேட்டார். சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டேதான் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு ஒரு கனம் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். கேட்டது இதுதான்:

"அப்ப சோறு போடுவீக, வீட்டுக்குள்ள விட மாட்டீக. அப்படித்தானேண்ணே?"

முதல் சீப்பு

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். காலையில் தோட்டத்திலிருந்து முதல் டிராக்டர் வந்து நின்றதும், அதில் முதல் தாரின் முதல் சீப்பை ராசியான ஒரு கைதான் வெட்ட வேண்டும். அது நல்லபடியாக, காம்பு கிழியாமல், பால் தெறிக்காமல் வந்தால் அன்றைக்கு லோடு திரும்பி வராது என்று நம்பிக்கை. முதலாளியும் நம்புவார், டிராக்டர்காரரும் நம்புவார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சவரிமுத்து சாரும் நம்புவார். அந்தக் கை பல வருடமாகப் பஞ்சவர்ணத்தின் கை. சார் வளைந்த கத்தியை எடுத்து நீட்டுவார்; பஞ்சவர்ணம் வாங்கித் தலைக்குமேல் ஒரு தடவை தூக்கி, ஒரே இழுப்பில் வெட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கத்தியைத் தொடுவார்கள். இதற்குத் தனியாகக் கூலி எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு ஷெட்டே அவரைப் பார்க்கும்.

அப்போதுதான் வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, மேலே கண்ணாடி. வாசலறைக் கம்ப்யூட்டரில் நான்தான் பொருத்தினேன். ஒரு மத்தியானம் எல்லோருடைய விரலையும் பதிந்தார்கள். பஞ்சவர்ணத்தின் விரலையும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து விரலை வைத்தார். கண்ணாடிக்கு அடியில் விளக்கே எரியவில்லை. திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி. "வாழைக்கறை ஆத்தா, போய்க் கையைக் கழுவிட்டு வா" என்று சார் அனுப்பினார். பின்னால் நின்ற ஜெயராணி என்கிற இளம்பெண் வைத்தாள், பளிச்சென்று பச்சை. வரிசை முழுக்கப் பச்சை. எல்லோரும் உள்ளே போன பிறகு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஞ்சவர்ணம் திரும்பி வந்து வைத்தார். மறுபடி சிவப்பு.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அதே வாரத்தில் ஒரு லோடு திரும்பி வந்தது. வழியில் லாரி பழுதாகி நின்றதால் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? மெஷினுக்கே பிடிக்காத கை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அடுத்த திங்கட்கிழமை சார் கத்தியை எடுத்தார், பஞ்சவர்ணம் கையை நீட்டினார், கத்தி அவரைத் தாண்டி ஜெயராணியிடம் போனது. சார் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்:

"கொஞ்ச நாளைக்கு அவ வெட்டட்டும் ஆத்தா, ஒன் கைக்கு என்னமோ ஆயிப்போச்சு."

மண்ணெண்ணெய்

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. காலை ஆறிலிருந்து ஏழுவரை நான் பின்னால் குளிர் அறைகளில் அளவு குறித்துக்கொண்டிருப்பேன். வாசலறைப் பக்கம் வருவது அபூர்வம். ஒரு நாள் குழாயடியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. பஞ்சவர்ணம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விரல் நுனிகளைத் துணியால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் எலுமிச்சம்பழமாம், அப்புறம் புளியாம், அப்புறம் தேங்காயெண்ணெயாம், இப்போது மண்ணெண்ணெய். தோல் வெடித்து, உள்சதை சிவந்து தெரிந்தது. இப்படித் தேய்த்தால் இருக்கிற ரேகையும் போய்விடுமே என்றேன்.

மாத முடிவுக்குள் மெஷின் எடுக்காத கையாக இருந்தால், அந்த ஆளை ஷெட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ள முடியாது, வெளியே கழிவுத்தண்டு அள்ளத்தான் அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார் என்றார் பஞ்சவர்ணம். அவருடைய வருகையைச் சார் பேனாவால் எழுதிக்கொள்வது அதுவரைதான். தண்டு அள்ளுவதைப் பற்றிக்கூட அவருக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கத்தி தன்னைத் தாண்டிப் போனதைத்தான் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாரோ விட்டுச்சென்ற பொருளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது என்னோட வெரல்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்குண்ணே."

வராத நாளில் தோற்ற விரல்

அன்று சாயங்காலம் வந்ததும் வாசலறைக் கம்ப்யூட்டரில் பதிவேட்டைத் திறந்தேன். ஜெயித்த விரலுக்குப் பெயர் இருக்கும். தோற்ற விரலுக்கு நேரம் மட்டும். தினமும் ஆறு மணியை ஒட்டி ஒரு தோல்வி. அதற்குச் சில விநாடி தள்ளி ஜெயராணி, வெற்றி. பிறகு எல்லோரும் வெற்றி. கால் மணி நேரம் யாரும் இல்லை. பிறகு இன்னொரு தோல்வி. இது பஞ்சவர்ணம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தது. எதிர்பார்த்ததுதான். இரண்டு வாரத்தையும் அப்படியே உருட்டிக்கொண்டு வந்தவன் ஒரு வியாழக்கிழமையில் நின்றேன். அன்றைக்கும் காலையில் முதலில் ஒரு தோல்வி, உடனே ஜெயராணி வெற்றி. ஆனால் அந்த வியாழக்கிழமை பஞ்சவர்ணம் வேலைக்கே வரவில்லை. உறவில் ஒரு காதுகுத்து என்று லீவு போட்டிருந்தார். சார் பேனாவால் எழுதியிருந்தார். ஆளே வராத நாளில் அவர் விரல் எப்படித் தோற்கும்?

என் விரலை வைத்துப் பார்த்தேன். சிவப்பு. திரும்ப வைத்தேன், பச்சை. கருவியைப் பொருத்திய நாளிலிருந்து நான் பத்துத் தடவையாவது அதைச் சோதித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதலில் சிவப்பு, இரண்டாவது பச்சை, சரி வேலை செய்கிறது என்று போய்விடுவேன். பழுது பார்க்கிறவன் பழக்கம் அது. ஒரு தடவை வராவிட்டால் கை தானாகவே இன்னொரு தடவை வைக்கும். முதல் தடவையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நீங்களும் வைப்பதில்லை. சும்மா கிடக்கும்போது கருவி தூங்கிவிடுகிறது. விரல் பட்ட பிறகுதான் விழிக்கிறது. விழித்து விளக்கு எரிய மூன்று விநாடி ஆகிறது. அந்த மூன்று விநாடிக்குள் வைத்த விரல், யாருடையதாக இருந்தாலும், தோற்கும். முதல் பஸ்ஸில் வருகிறவர் தினமும் தோற்பார். கழுவிக்கொண்டு கடைசியாக வருகிறவரும் தோற்பார், ஏனென்றால் அதற்குள் அது மறுபடி தூங்கியிருக்கும்.

விடிந்து முதல் பஸ் வந்தது. பஞ்சவர்ணத்தை வாசலிலேயே மறித்து விரலை வைக்கச் சொன்னேன். சிவப்பு. கையை எடுக்கப் போனவரை நிறுத்தி, "இன்னொரு தடவ வையி" என்றேன். பச்சை. அவர் பெயர் திரையில் வந்தது. பஞ்சவர்ணம் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளில் ஒரு தடவையாவது உடனே திருப்பி வைத்துப் பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தாங்கவில்லை, கேட்டும்விட்டேன். அவர் நிதானமாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டாவது தடவ வைக்க என்னைய யாருண்ணே விட்டாக?"

ஜெயராணியின் கை

எல்லோர் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். ஆட்கள் வந்ததும் வரிசையை நிறுத்தினேன். பத்து நிமிடம் யாரும் கருவியைத் தொடக் கூடாது என்றேன். சவரிமுத்து சார் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே முதல் டிராக்டர் தாரோடு வந்து நின்றுவிட்டது. முதல் சீப்பு வெட்டாமல் ஒருவரும் கத்தியைத் தொட மாட்டார்கள். பத்து நிமிடம் ஆனதும் ஜெயராணியைக் கூப்பிட்டு, "நீ வையித்தா" என்றேன். ராசியான கை. நம்பிக்கையோடு வைத்தாள். சிவப்பு.

கருவியின் மேல்தான் குறை என்று எல்லோருக்கும் விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அடியாத்தீ, இவ கையும் போச்சா?" என்றது. ஜெயராணி விரலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் வராத வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து தோற்றதும் இவள்தான். அன்றைக்கு இவளை யாரும் கழுவப் போகச் சொல்லாததால் உடனே திருப்பி வைத்து உள்ளே போயிருக்கிறாள், இப்போது அதை ஞாபகப்படுத்தினால் ஒருவரும் கேட்கிற நிலையில் இல்லை. ஒருத்தியின் தலையிலிருந்து இறக்கி இன்னொருத்தியின் தலையில் வைத்துவிட்டேனே என்று எனக்குப் பட்டது. வேறு வழியில்லை. "சார், இன்னொரு பத்து நிமிஷம். அப்புறம் நீங்க வையிங்க" என்றேன்.

டிராக்டர்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சார் கடைசி நிமிடத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, கட்டைவிரலை வேட்டியில் துடைத்து, கண்ணாடியில் அழுத்தி வைத்தார். சிவப்பு. மேலாளரின் கையை ராசியில்லாத கை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஹாரனும் நின்றுவிட்டது. தூங்குவது, விழிப்பது, மூன்று விநாடி எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள். தராசுக் கதையைப் பார்த்தவர் சார், உடனே பிடித்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கேள்வியும் அவரிடமிருந்தே வந்தது:

"சரிய்யா, இதைத் தூங்கச் சொன்னது யாரு?"

சரிக்குறி

கருவி செய்தவன் தலையில் போட்டிருக்கலாம். தராசுக்கு அப்படித்தான் போட்டேன், அது உண்மையும்கூட. இதில் உண்மை வேறு. இந்த வாசலறைக் கம்ப்யூட்டர் தராசு சேர்ந்திருப்பது இல்லை, இதன் கட்டங்களில் குறி இல்லாமலேதான் வந்தது. குளிர் அறைகளின் வெப்பமானிகளும் இதே வாசலறைக் கம்ப்யூட்டரில்தான் சேர்ந்திருக்கின்றன. கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஒரு பழைய யு.பி.எஸ்.தான் தாங்க வேண்டும். அது தள்ளாடுகிற யு.பி.எஸ். அதற்கு நாலு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று, வெப்பமானியின் துளையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாத் துளைகளுக்கும் அந்தச் சிறிய கட்டத்தில் சரிக்குறியை நானே போட்டுவைத்திருந்தேன். கைரேகைக் கருவியை அப்படி ஒரு துளையில்தான் செருகினேன். காய் கறுக்கக் கூடாது என்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன். "நான்தான் சார்" என்றேன்.

யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் பார்க்கக் கட்டத்தைத் திறந்து குறியை எடுத்தேன். மூன்றாவது பத்து நிமிடம். வெளியே டிராக்டர்காரர் இறங்கி பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பஞ்சவர்ணம் வெடித்த விரலை மெதுவாக வைத்தார். பச்சை, முதல் தடவையிலேயே. வரிசையிலிருந்து ஜெயராணி விலகிப்போய்க் கத்தியை எடுத்து வந்தாள். சாரிடம் கொடுக்கவில்லை. "இந்தாங்கக்கா, ஒங்க கத்தி" என்று நேராக நீட்டினாள். சார் வேறு பக்கம் பார்த்துத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பஞ்சவர்ணம் கத்தியை வாங்கினார். தாரை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர், நின்று, திரும்பி என்னிடம் வந்தார். "தப்பு என்மேலதான் தாயி" என்றேன். கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் விரல்களை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். மண்ணெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. கோபமில்லை, சிரிப்புமில்லை, சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது என்று நான் சொன்ன அன்று கேட்ட அதே குரலில் கேட்டார்:

"ஏண்ணே, தூங்காம இருக்குறதுக்குத்தானே ஒங்களுக்குச் சம்பளம்?"

இத்தனை வருடம் கருவிகளோடு விழித்திருந்து நான் கற்றது இவ்வளவுதான்: எது வேலை செய்யாவிட்டாலும் அதைத் தொட்டவரின் கையைச் சந்தேகிப்பதற்கு முன்னால், அதற்குள் கடைசியாகக் கைவைத்தவன் யார் என்று பார்க்க வேண்டும், எங்கள் ஷெட்டில் பெரும்பாலும் அது நான்தான்.